உடைந்த நாற்காலிக்கு ஒரு விண்ணப்பம்

எங்கள் சனத்துக்குத் தலைவர் என்று ஒருவர் எந்தக் காலத்திலும் கிடையாது. இதைச் சொன்னால் என் அண்ணனுக்கு முகம் சுருங்கிவிடும். ஏனென்றால் இப்போதைய தலைவரே அவன்தான். முத்திரை குத்திய கடிதம் வைத்திருக்கிறான், அதைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியும் இருக்கிறான். அரசாங்க விழா என்றால் முன்வரிசையில் அவனுக்கு நாற்காலி உண்டு. உன் பேச்சை அங்கே யாராவது கேட்கிறார்களா என்று ஒரு நாள் கேட்டேன். கைதட்டுகிறார்களே தங்கச்சி என்றான். அதற்குமேல் அவனிடம் என்ன பேசுவது?

தலைவர் இல்லாமல் ஒரு சனம் எப்படிப் பிழைத்தது என்று எங்கள் ஆபீஸில் படித்தவர்களே கேட்பார்கள். வட்டம் போட்டுப் பிழைத்தோம். ஒரு காரியத்தை முடிவு செய்ய வேண்டுமென்றால் ஆண், பெண் எல்லோரும் தரையில் வட்டமாக உட்காருவார்கள். தோளோடு தோள் இடிக்க உட்கார வேண்டும், அதுதான் முறை. பேசுகிறவரும் உட்கார்ந்தபடியே பேசுவார். ஒப்புக்கொள்ளாதவர் மட்டும் எழுந்து நிற்பார். அவர் வாயே திறக்கத் தேவையில்லை, நின்றால் போதும். ஒரே ஒருவர் நின்றாலும் முடிவு கிடையாது. மற்றவர்கள் அவருக்கு எடுத்துச் சொல்வார்கள், கெஞ்சுவார்கள், கிண்டலடிப்பார்கள், பசித்தால் சாப்பாடும் ஊட்டிவிடுவார்கள். அவர் கால் ஓய்ந்துபோனால், அவர் பக்கம் மனசு சாய்ந்த யாராவது எழுந்து போய்த் தோள் கொடுக்கலாம். அவராக உட்கார்ந்தால் காரியம் முடிந்தது. கடைசிவரை உட்காரவில்லை என்றால் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிட வேண்டியதுதான். சண்டை, கல்யாணம், எந்த மரத்தை எந்த வருஷம் வெட்டலாம் என்பது வரைக்கும் எங்கள் ஆட்சி இப்படித்தான் நடந்தது.

தொண்ணூற்றெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நில அளவை அதிகாரி கூடாரத்தோடு மலையேறி வந்தார். கீழ்க்காட்டைத் தொண்ணூற்றொன்பது வருஷத்துக்கு அரசாங்கத்துக்கு எழுதித் தர வேண்டும், உங்கள் தலைவரைக் கூப்பிடுங்கள் என்றாராம். யாரைக் கூப்பிடுவது? வட்டம் போட்டார்கள். அதிகாரியோடு துப்பாக்கிகளும் வந்திருந்தன. சரி, போய்த் தொலையட்டும் என்று ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டார்கள். என் கொள்ளுத்தாத்தா மட்டும் எழுந்து நின்றார். அதிகாரி வந்து பார்க்கிறார், நூறு பேர் வாயை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவர் மட்டும் நிமிர்ந்து நிற்கிறார். அவருடைய நாட்டில் அப்படி நிற்கிறவர் யார்? தலைவர்தானே. ஆள் கிடைத்துவிட்டார் என்று எழுதிக்கொண்டார். வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆளைப் பிடித்து, சனத்தின் சார்பில் சம்மதம் சொல்கிறவராக ஆக்கிவிட்டார்.

கொள்ளுத்தாத்தா இரண்டு நாள் நின்றார். யாரும் தோள் கொடுக்க எழுந்திருக்கவில்லை. இந்த ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் எங்கள் சனம் இன்றுவரை பேசாது. மூன்றாம் நாள் அவரைக் கூடாரத்துக்குள் கூட்டிப்போனார்கள். வெளியே வந்தபோது இரண்டு காவலர்கள் தாங்கிப் பிடித்திருந்தார்கள், கட்டைவிரலில் மை இருந்தது. உள்ளே என்ன நடந்தது என்று பார்த்தவர் இல்லை. நாற்காலியைக் காட்டியதும் உட்கார்ந்துவிட்டான் என்று பேச்சுக் கிளம்பியது. அதற்கேற்ற மாதிரி அடுத்த மாதமே அரசாங்கம் ஒரு நாற்காலியை எங்கள் வீட்டுக்கு மரியாதையாக அனுப்பியது. இல்லை என்று மறுக்கக் கொள்ளுத்தாத்தாவுக்கு வாய் வரவில்லை. அந்த நாளுக்குப் பிறகு அவருக்குப் பேச்சே இல்லை, நான்கு மாதத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். வெட்கத்தில் ஊமையாகிவிட்டான் என்றார்கள்.

அன்றிலிருந்து அரசாங்கத்துக்கு நாங்கள் தலைவர் வீடு, சனத்துக்கு உட்கார்ந்தவன் வீடு. வட்டத்தில் எங்களுக்கு உட்காரவும் இடமில்லை, எழுந்து நிற்கவும் உரிமையில்லை. காடு போனதும் சனம் நகரத்துக்கு இறங்கி வந்து, சலவைக்கும் கட்டட வேலைக்கும் வண்டி ஓட்டவும் பிரிந்துபோனது. ஆனால் வட்டத்தை விடவில்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், அட்டைப்பெட்டிக் கிடங்கு ஒன்றின் பின்கூடத்தில் கூடுகிறார்கள். நானும் போவேன். வெளியே மாடிப்படி இருக்கிறது. அதன் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு காதைத் தீட்டி வைத்துக்கொள்வேன். சாய்வது உட்காருவதிலும் சேராது, நிற்பதிலும் சேராது. யாரும் என்னைத் துரத்தியதில்லை, வா என்றதும் இல்லை.

என் அம்மா வேறு வீட்டில் பிறந்தவள். அப்பாவைக் கட்டிக்கொண்டதால் வட்டத்தில் இருந்த இடம் போயிற்று. சின்ன வயதில் ஒரு நாள், வட்டத்தில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று அவளிடம் கேட்டேன். அவள் என்னைத் தரையில் உட்காரவைத்து, ஒரு பக்கம் அண்ணனை ஒட்டவைத்து, மறுபக்கம் தானே ஒட்டி உட்கார்ந்தாள். இப்படித்தான் இருக்கும், ஆனால் இன்னும் சூடாக இருக்கும் என்றாள். அப்புறம் அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விட்டாள். எனக்கு ஐம்பத்தேழு வயது. வீடு, வேலை எல்லாம் இருக்கிறது, ஆனால் ஆசை என்றால் எனக்கு இது ஒன்றுதான். அந்தத் தரையில், இரண்டு தோள்களுக்கு நடுவில், ஒரு தடவை உட்கார வேண்டும்.

முப்பத்திரண்டு வருஷமாக ஆவணக் காப்பறையில் எழுத்தர் வேலை பார்க்கிறேன். வேறு வேலை கிடைக்காமல் இல்லை. கூடாரத்துக்குள் நடந்ததை எவனாவது எழுதி வைத்திருப்பான் என்று நம்பி, வேண்டுமென்றே வந்து மாட்டிக்கொண்ட வேலை இது. ஒப்பந்தம் முதல் வருஷமே கிடைத்தது. அதில் கொள்ளுத்தாத்தாவின் ரேகை தலைகீழாக விழுந்திருந்தது. ஏன் தலைகீழ் என்று அப்போது பிடிபடவில்லை. அப்புறம் எல்லைக் கட்டு, வனக் கட்டு, முகாம் கட்டு என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேடினேன். தூசியில் மூச்சிரைப்பு வந்ததுதான் மிச்சம்.

போன மாதம் எங்கள் சூப்பிரண்டு, இடமில்லை, பழைய கட்டுகளைக் கழித்துவிடுங்கள் என்றார். கழிக்கிற எதையும் ஒரு தடவை படிக்காமல் விடமாட்டேன், அது எனக்கு வியாதி. அலமாரியின் அடித்தட்டில், 'தளவாடங்கள் – உடைந்தவை' என்று ஒரு கட்டு இருந்தது. மேசை, விளக்கு, கூடாரக் கயிறு என்று போய்க்கொண்டிருந்த காகிதங்களுக்கு நடுவில் அந்த அளவை அதிகாரியின் கையெழுத்து வந்தது. புது நாற்காலி கேட்டு மேலிடத்துக்கு எழுதிய விண்ணப்பம். உடைந்ததற்குக் காரணம் சொன்னால்தான் புதியது கிடைக்கும், அதனால் மனுஷன் ஒன்று விடாமல் எழுதியிருந்தார்.

'மேற்படி தலைவரை உட்காரும்படி மூன்று முறை கேட்டும் அவர் மறுத்துவிட்டார். மூன்றாம் நாள் நண்பகலில் நின்ற நிலையிலேயே நினைவிழந்து முகாம் நாற்காலியின் மீது சாய்ந்ததில், அதன் பின்கால் ஒன்று முறிந்தது. தரையில் கிடந்த நிலையில் அவரது ரேகை பெறப்பட்டது. முறிந்த காலுக்கு இரும்புப் பட்டை போட்டு, அந்த நாற்காலியைத் தலைவருக்கே அன்பளிப்பாக வழங்கலாம். எனக்குப் புதியது ஒன்று அனுப்ப வேண்டுகிறேன்.'

நான் அந்தத் தூசியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தரையில் கிடந்தவரின் கையை இழுத்துப் பதித்தால் ரேகை தலைகீழாகத்தானே விழும். மூன்று தலைமுறையை ஊர் வாயில் போட்டு மென்ற விஷயம், ஒரு நாற்காலிக்கால் உடைந்த கதையாக அங்கே கிடந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த அலமாரியையே கவிழ்த்திருப்பேன். அழுகைதான் வந்தது. சூப்பிரண்டு எட்டிப் பார்த்துவிட்டு, மாஸ்க் போட்டுக்கோங்கம்மா, தூசி கண்ணைக் கெடுக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நேரத்தில் அது கிடைத்தது ஒரு வகையில் அதிர்ஷ்டம், இன்னொரு வகையில் தலைவலி. பழைய ஒப்பந்தத்தை அடுத்த தொண்ணூற்றொன்பது வருஷத்துக்குப் புதுப்பித்து, மிச்சமிருக்கிற மேல்காட்டையும் அதில் சேர்க்கப்போகிறார்கள். அதற்குத் தலைவர் கையெழுத்து வேண்டும். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் ஆபீஸ் கூட்ட அறையில், சனத்தின் முன்னிலையில் அண்ணன் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் காடும் போகும், எங்கள் வீட்டுக்கு வட்டத்தில் இடமும் எந்த ஜன்மத்திலும் வராது.

நகல் எடுத்துச் சான்று முத்திரை போட்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவன் முட்டி அறுவை செய்துகொண்டு ஒரு மாதம்தான் ஆகிறது. அரசாங்கம் அன்றைக்கு அனுப்பிய அந்த நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எழுந்திரு என்றேன். ஏன் என்றான். கையைப் பிடித்து எழுப்பிவிட்டு நாற்காலியைக் கவிழ்த்துக் காட்டினேன். பின்காலில் இரும்புப் பட்டை இருந்தது. சின்ன வயதில் நாங்கள் இரண்டு பேரும் அதை நகத்தால் சுரண்டி விளையாடியிருக்கிறோம், ஏதோ அலங்காரம் என்று நினைத்துக்கொண்டு. நகலைக் கையில் கொடுத்தேன். மெதுவாகப் படித்தான், திரும்பவும் படித்தான். சுவரில் மாட்டியிருந்த கடிதத்தைப் பார்த்தான்.

"அப்போ நான் தலைவர் இல்லையா?" என்றான்.

"தலைவர்னு ஒருத்தர் கிடையவே கிடையாது அண்ணே. வேண்டாம்னு நின்ன ஆளோட பேரன் பிள்ளை நீ."

முன்வரிசை, படம், கைதட்டல் எல்லாம் போய்விடும் என்று அவன் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. அவனைத் திட்டத்தான் போயிருந்தேன், ஆனால் மனசு வரவில்லை. வட்டத்தில் இடமில்லாதவனுக்கு முன்வரிசையாவது இருந்தது. எனக்கு மாடிப்படி இருந்த மாதிரி.

இன்னொரு நகலை வேன்காரியிடம் கொடுத்தேன். அவள் பெரியம்மா மகள், எனக்கு அக்கா முறை. அவள் வேனில்தான் தினம் ஆபீஸ் போகிறேன். இருபது வருஷமாக அவள் என்னிடம் பேசுவது, இறங்க வேண்டிய இடத்தில் 'பாத்து' என்று சொல்வது மட்டும்தான். நானும் ஒரு நாளும் அக்கா என்று கூப்பிட்டதில்லை, கூப்பிட்டுத் திரும்பாமல் போனால் தாங்காது. வேன் இருக்கையில் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் தோளையே பார்த்துக்கொண்டு போவேன். வட்டத்தில் அம்மாவின் இடத்தில் இப்போது உட்காருவது அவள்தான் என்று எனக்குத் தெரியும். நகலை நீட்டினதும் வாங்கிச் சாப்பாட்டுப் பைக்குள் செருகிக்கொண்டாள். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் 'பாத்து' என்றாள், அவ்வளவுதான். படித்தாளா, மற்றவர்களிடம் காட்டினாளா, ஒன்றும் தெரியவில்லை. கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வியாழக்கிழமை கூட்ட அறையில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். எங்கள் சனம் வந்தது, ஒரு நாற்பது பேர் இருப்பார்கள். வந்ததும் நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுத் தரையில் வட்டமாக உட்கார்ந்துகொண்டார்கள். மேலிடத்திலிருந்து வந்திருந்த அதிகாரி, நல்ல மனிதர்தான், எளிமையான மக்கள் என்று சூப்பிரண்டிடம் பாராட்டிச் சொன்னார். அண்ணனுக்கு மட்டும் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி. கூட்டக் குறிப்பு எழுத என்னைப் போட்டிருந்தார்கள். நான் யார் வீட்டுப் பெண் என்று அந்த ஆபீஸில் யாருக்கும் தெரியாது.

அதிகாரி ஒப்பந்தத்தை வாசித்தார். வாசித்து முடித்துப் பேனாவை அண்ணனிடம் நீட்டினார். அண்ணன் நாற்காலியின் கைகளைப் பிடித்து எழுந்தான். பேனாவை வாங்கவில்லை. நொண்டிக்கொண்டே வட்டத்தின் ஓரம்வரை போய், அங்கே நின்றான்.

அதிகாரிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களா, தலைவர் நமக்கு மரியாதை குடுத்து எழுந்து நிக்கிறார். சபை முன்னாடி சம்மதம் சொல்றார்னு எழுதிக்கோங்கம்மா."

தொண்ணூற்றெட்டு வருஷம் கழித்து, அதே தப்பு, ஒரு புள்ளி மாறாமல். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனது ஆகட்டும் என்று, 'ஒருவர் நிற்கிறார், ஆகவே முடிவு இல்லை' என்று எழுதினேன். எழுதியதை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசிக்கவும் செய்தேன்.

"என்னம்மா எழுதியிருக்கீங்க?" என்றார் அதிகாரி.

"ஐயா, எங்க சனத்துல நிக்கிறதுன்னா ஒத்துக்கலைன்னு அர்த்தம். அவர் தானா உக்கார்ற வரைக்கும் முடிவு கிடையாது."

எங்க சனம். அந்த வார்த்தையை அந்தக் கட்டடத்துக்குள் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. சூப்பிரண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். சரி, காத்திருப்போம், எவ்வளவு நேரம்தான் நிற்பார் என்று அதிகாரி கைக்கடிகாரத்தை மேசையில் கழற்றி வைத்தார்.

அரை மணி நேரம் போயிற்று. அண்ணனுக்கு வியர்த்துக் கொட்டியது, அறுவை செய்த கால் நடுங்க ஆரம்பித்தது. உட்கார்ந்தவன் வீட்டுக்கு நிற்கிற உரிமையும் இல்லை, அவன் நிற்பது செல்லும் என்று அந்த நாற்பது பேரில் ஒருவராவது காட்ட வேண்டும். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கும் இப்படித்தான் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

அப்போது வேன்காரி தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு பக்கமாக நகர்ந்தாள். அவளுக்கு அடுத்திருந்த கிழவரும் மறுபக்கம் நகர்ந்தார். நடுவில் ஓர் ஆள் உட்காருகிற இடம் விழுந்தது. அவள் என்னை நேராகப் பார்த்து, அந்தத் தரையைக் கையால் தட்டினாள்.

"வா. வந்து உக்காரு. இது உங்க அம்மா இடம்."

வட்டத்தில் யாரும் மறுக்கவில்லை. நகலை நாற்பது பேரும் படித்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் பேனாவை மூடி வைத்தேன். எப்படி நடந்தேன் என்று தெரியாது, அந்த இடத்துக்கு வந்துவிட்டேன். குனிந்தாலே அவர்கள் தோளின் சூடு தெரிகிற தூரம். அம்மா சொன்னது சரிதான், வீட்டில் இருந்ததைவிடச் சூடுதான். முட்டியை மடக்கவும் ஆரம்பித்துவிட்டேன்.

அண்ணனின் கால் மடங்குவதைப் பார்த்தேன். அவன் விழாமல் இருக்கச் சுவரைத் தேடினான், சுவர் எட்டவில்லை. நான் இப்போது உட்கார்ந்தால், உட்கார்ந்தவர்களில் நானும் ஒருத்தி. அவன் தனியாக நிற்பான், அப்புறம் விழுவான், யாராவது கையைப் பிடித்து ரேகை வாங்குவார்கள்.

"அக்கா, இன்னைக்கு என்னால உக்கார முடியாது," என்றேன்.

சொல்லிவிட்டு நிமிர்ந்தேன். அண்ணனிடம் போய் அவன் கையை எடுத்து என் தோளில் போட்டுக்கொண்டேன். பாரமான ஆள், பல்லைக் கடித்துக்கொண்டுதான் தாங்கினேன். அதிகாரி என்னமோ சொன்னார், சூப்பிரண்டு என் பெயரைக் கூப்பிட்டார். எனக்கு ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது, அதையும் நினைத்துக்கொண்டேன். நகரவில்லை.

வேன்காரி என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மடியிலிருந்த சாப்பாட்டுப் பையை எடுத்து, நான் உட்கார வேண்டிய இடத்தில், வேனில் சீட்டுப் பிடிக்கிற மாதிரி வைத்தாள். பக்கத்துக் கிழவரிடம், யாரையும் உட்காரவிடாதீங்க என்றாள். அப்புறம் தரையில் கையூன்றி எழுந்து வந்து, அண்ணனின் இன்னொரு கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"பாத்து," என்றாள் என்னிடம்.

நாங்கள் மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தோம். எதிரே வட்டத்தில், என் இடத்தில், அந்தப் பை இருந்தது.